நின்ற இடத்தை வாங்கியவர்

லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பகுதியில், கிரென்ஷா பூல்வார்டும் ஸ்லாசன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு சின்ன வணிக வளாகம் இருக்கிறது. தரைத்தளத்தில் வரிசையாகச் சில கடைகள், முன்னால் வண்டி நிறுத்தும் இடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இப்படி உண்டு. இருபது வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் இங்கே கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் பாடிய ராப் பாட்டு சிடிக்களை வருகிறவர் போகிறவரிடம் விற்றுக்கொண்டிருந்தார். பிறகு இதே வளாகத்தில் வாடகைக்குக் கடை பிடித்தார். 2019-ன் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து வளாகத்தையே விலைக்கு வாங்கினார். அந்த வருடம் மார்ச் 31 அன்று தன் கடைக்கு முன்னாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 33.

பெயர் எர்மியாஸ் ஜோசப் அஸ்கெடோம். பாட்டு கேட்பவர்களுக்கு நிப்ஸி ஹஸ்ஸில்.

நான் ராப் கேட்டு வளர்ந்தவன் இல்லை. அவர் இறந்த வாரத்தில் அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு தம்பி சொல்லித்தான் அவர் பெயரே தெரியும். அன்றைக்குக் கேட்ட கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது பாட்டு அல்ல, அந்த வளாகம். பாட்டெல்லாம் பிறகுதான் கேட்டேன். ஏன் வளாகம் என்றால், அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா திண்டுக்கல்லில் 26 வருடம் தையல் கடை வைத்திருந்தார். எட்டடிக்குப் பத்தடி. இரண்டு மெஷின், துணி வெட்டும் மேஜை, பட்டன் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாக்கள். ஷட்டர் கிடையாது, மரப்பலகைக் கதவுதான். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டிருக்கும். வரிசை மாறினால் கதவு மூடாது. மாதம் ஐந்தாம் தேதி வாடகை தவறியதில்லை. அந்தத் திருப்பத்துக்கு ஊரில் ‘டெய்லர் முக்கு’ என்றே பெயர் வந்துவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது அப்படிச் சொல்லி இறங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கட்டிடக்காரரின் மகன் வந்து இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். மூன்று மாதத் தவணை. 26 வருடம் முன்னால் கொடுத்த அட்வான்ஸ், அதே தொகை, ஒரு கவரில் திரும்பி வந்தது. முக்குக்கு அப்பாவால் பெயர் வந்தது. அந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு செங்கல்லும் இல்லை.

அதனால்தான், தான் நின்று விற்ற இடத்தையே ஒருவர் வாங்கினார் என்று கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நிப்ஸி 1985 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தார். அப்பா டாவிட், எரித்திரியாவிலிருந்து வந்தவர். அம்மா ஆஞ்சலிக், அமெரிக்கக் கறுப்பினப் பெண். அண்ணன் சாமியேல், ஏரியாவில் பிளாக் சாம். இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அவர் கூடவே வருகிறார். வீட்டில் வசதி குறைவு. பதினோரு வயதில் நிப்ஸி பள்ளிக்குப் போட்டுப் போகத் துணி வாங்குவதற்காக ஷூ பாலிஷ் போட்டிருக்கிறார், ஒரு ஜோடிக்கு இரண்டரை டாலர். பாட்டுப் பதிவு செய்ய ஆசை வந்தபோது, உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டார். அந்தப் பையனுக்குப் பள்ளி ஒத்துவரவில்லை, பாதியில் நின்றுவிட்டது. தெரு இழுத்துக்கொண்டது. கிரிப்ஸ் என்ற தெருக் குற்றக் கும்பலின் ஒரு பிரிவான ரோலிங் 60ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அதை அவர் கடைசி வரை மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆரம்பகால மிக்ஸ்டேப்புகளில், அதாவது பாடகரே வெளியிடும் பாட்டுத் தொகுப்புகளில், துப்பாக்கியும் பகையும் நிறைய உண்டு. என்னால் இன்றும் அவற்றில் சிலவற்றை முழுதாகக் கேட்க முடிவதில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் இருந்ததைத்தான் அவர் பாடினார்.

2004-ல் அப்பா இரண்டு மகன்களையும் எரித்திரியாவுக்குக் கூட்டிப் போனார். மூன்று மாதம் அங்கே இருந்தார்கள். முப்பது வருடம் போராடி 1993-ல் தனி நாடான தேசம் அது. கடைக்காரர், போலீஸ்காரர், அதிகாரி, நாட்டின் அதிபர் என்று எல்லா இடத்திலும் தன் நிறத்து மனிதர்களே இருப்பதை நிப்ஸி வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தார். தன் வியாபார எண்ணமெல்லாம் அங்கிருந்து தொடங்கியது என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஊரில் எல்லாக் கடையும் வேறு யாருக்கோ சொந்தம் என்றே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கடை என்பது தனக்கும் சொந்தமாகலாம் என்று தோன்றுவதற்கே ஒரு பயணம் தேவைப்படுகிறது.

திரும்பி வந்ததும் 2005-ல் ஸ்லாசன் பாய் என்ற முதல் மிக்ஸ்டேப். டிக்கியில் சிடி, கூடவே டிஷர்ட், சாக்ஸ். அண்ணன் சாம் பக்கத்திலேயே வியாபாரம் பார்த்தார். ஸ்லாசன் முனையில் கூட்டம் நின்றாலே போலீஸ் வரும், கலைக்கும், மறுநாள் மறுபடியும் நிற்பார்கள். அப்புறம் எபிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. ஆல்பம் வெளிவராமலேயே 2010-ல் அங்கிருந்து வெளியே வந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் வாழ்க்கையின் கணக்கே இங்கேதான் மாறுகிறது.

இசை நிறுவனம் புதுப் பாடகருக்கு ஒரு முன்பணம் கொடுக்கும். கார், நகை, வீடியோ எல்லாம் அதில் வரும். ஆனால் அது சம்பளம் அல்ல, கடன் மாதிரி. பாட்டு விற்று வரும் பணத்தில் பாடகருக்கென்று ஒதுக்கும் சிறு பங்கிலிருந்து அந்த முன்பணம் முழுக்கக் கழிந்த பிறகுதான் அவர் கைக்கு அடுத்த காசு வரும். பலருக்கு அது கழிவதே இல்லை. அதைவிட முக்கியம், பதிவான பாட்டின் மூல உரிமை, அதாவது மாஸ்டர், நிறுவனத்திடம் இருக்கும். பாடியவர் இவர், பாட்டு அவர்களுடையது. காஞ்சிபுரத்தில் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, தறியையும் விட முடியாமல் சேலையையும் சொந்தமாக விற்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நெசவாளியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு இடத்திலும் மாஸ்டர் என்ற சொல்தான்.

நிப்ஸி வெளியே வந்து சொந்த லேபிள், அதாவது இசை நிறுவனம், நடத்தினார். ஆல் மணி இன், நோ மணி அவுட். வருகிற பணம் எல்லாம் உள்ளே, வெளியே போகும் பணம் கிடையாது. 2010 டிசம்பரில் தி மாரத்தான் என்ற மிக்ஸ்டேப் வந்தது. அதிலிருந்து தொட்டதற்கெல்லாம் மாரத்தான் என்றே பெயர் வைத்தார். நூறு மீட்டர் ஓட்டம் ஓடுகிறவர்கள் நடுவில், நான் நீண்ட தூரம் ஓடுகிறவன் என்று அறிவித்துக்கொண்ட மாதிரி.

2013 அக்டோபரில் கிரென்ஷா என்ற மிக்ஸ்டேப் வெளிவந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதே பாட்டுகள் உள்ள சிடி, 1,000 பிரதிகள் மட்டும், ஒன்று 100 டாலர். இலவசமாகக் கிடைப்பதை நூறு டாலர் கொடுத்து எவன் வாங்குவான் என்று யாருக்கும் தோன்றும். ஒரு வணிகப் புத்தகத்தில், சாதாரணமாகச் சில டாலருக்குக் கிடைக்கும் சாண்ட்விச்சை ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உணவகம் 100 டாலருக்கு விற்றுப் பேர் வாங்கிய கதையைப் படித்து அவருக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது. ஒரே நாளுக்குள் ஆயிரமும் தீர்ந்தது. அதில் 100 பிரதிகளை வாங்கியவர் பிரபல ராப் பாடகர் ஜேஸீ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேர், ஆளுக்கு 100 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர். நிறுவனத்தின் வழியாக விற்று, சிடிக்கு ஒரு டாலரோ ஒன்றரையோ பங்கு வருகிற பாடகர், கையில் அதே தொகையைப் பார்க்க கிட்டத்தட்ட 67,000 பிரதிகளாவது விற்க வேண்டும். அதற்கு முன் முன்பணம் கழிந்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘கொடுப்பதில் பெருமை’. உலகம் முழுக்கப் பேர் தெரிய வேண்டியதில்லை, உன்னை விட்டுக்கொடுக்காத ஆயிரம் பேர் போதும் என்பதுதான் விஷயம். அப்பாவின் கடையிலும் அப்படித்தான். ரெடிமேட் வந்து ஊரில் பாதித் தையல் கடைகள் மூடிய பிறகும் அவரிடமே வந்து தைத்துக்கொண்ட முந்நூறு குடும்பங்கள் இருந்தன. அவர்களை வைத்துத்தான் நான் கல்லூரி முடித்தேன்.

அடுத்த வருடக் கடைசியில் 100 பிரதிகளை ஆயிரம் டாலருக்கு விற்கவும் முயன்றார். 2018 பிப்ரவரியில்தான் முதல் ஸ்டூடியோ ஆல்பமான விக்டரி லேப் வந்தது, தெருவில் சிடி விற்கத் தொடங்கி பதின்மூன்று வருடம் கழித்து. அப்போது பெரிய நிறுவனமான அட்லாண்டிக்கோடு கைகோத்தார். ஆனால் கூலியாக அல்ல, தன் லேபிளை வைத்துக்கொண்டு கூட்டாளியாக. அந்த ஆல்பம் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரை வரை போனது.

இதற்கிடையில் ஸ்லாசன் முனை மாறிக்கொண்டே வந்தது. அண்ணன் தம்பி இருவரும் வளாகத்தில் ஒவ்வொரு கடையாகப் பிடித்தார்கள். சலூன், மீன் கடை, பர்கர் கடை. 2017 ஜூனில் மாரத்தான் துணிக்கடை திறந்தது. அந்தக் கடையில் ஒரு டிஷர்ட்டுக்கு நேராக மொபைலைக் காட்டினால் வேறெங்கும் கிடைக்காத பாட்டோ வீடியோவோ திரையில் ஓடும்படி செயலி செய்து வைத்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சிறையிலிருந்து வந்து எங்கும் வேலை கிடைக்காதவர்களுக்கும், தெருவில் படுத்திருந்தவர்களுக்கும் அந்தக் கடைகளில் வேலை கிடைத்தது. பக்கத்திலிருக்கும் 59-ஆம் தெரு தொடக்கப்பள்ளியின் கூடைப்பந்து மைதானம் அவர் முயற்சியில் புதிதானது. மூடிக்கிடந்த வேர்ல்ட் ஆன் வீல்ஸ் என்ற பழைய ஸ்கேட்டிங் அரங்கம் திறக்கவும் பணம் போட்டார். கறுப்பினப் பிள்ளைகள் வாரக் கடைசியில் கூடி ஆடிய இடம் அது.

2018-ல் டேவிட் கிராஸ் என்ற முதலீட்டாளரோடு சேர்ந்து வெக்டர்90 தொடங்கினார். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் மேஜை எடுத்து உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம், அதோடு பிள்ளைகளுக்கு அறிவியலும் கணினியும் சொல்லிக்கொடுக்கும் மையம். விளையாட்டு வீரனையும் பாடகனையும் மட்டுமே பார்த்துப் பின்னால் போகாதீர்கள், தொழில்நுட்பத்தைக் கட்டுகிறவர்களையும் பாருங்கள் என்று அந்தச் சமயத்தில் சொன்னார். பாட்டால் மேலே வந்த ஒருவர், தன் பகுதிப் பிள்ளைகளிடம் பாட்டு மட்டும் வழியல்ல என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிரென்ஷா எப்படிப்பட்ட இடம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2012 அக்டோபரில் எண்டெவர் விண்ணோடம் ஓய்வு பெற்று, விமான நிலையத்திலிருந்து அறிவியல் மையத்துக்குத் தெரு வழியாக இழுத்துச் செல்லப்பட்டது. இறக்கை இடிக்கும் என்று வழியெல்லாம் ஏறத்தாழ 400 மரங்களை வெட்டினார்கள். அந்த வழியில் கிரென்ஷா பூல்வார்டும் இருந்தது. விண்ணோடம் கடந்து போக எடுத்தது மூன்று நாள். நிழல் திரும்பி வர எத்தனை வருடம்? அப்புறம் மெட்ரோ ரயில் வந்தது. பல பகுதிகளில் பூமிக்கடியிலும் மேம்பாலத்திலும் ஓடும் பாதை, கிரென்ஷாவின் கடைத்தெரு நடுவே தரையில் போடப்பட்டது. மக்கள் சுரங்கம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சரி, தரையில் வருகிறதா, அப்படியானால் வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று பிறந்ததுதான் டெஸ்டினேஷன் கிரென்ஷா. 1.3 மைல் நீளத்துக்குக் கறுப்பினக் கலைஞர்களின் சிலைகளும் சுவரோவியங்களும் கொண்ட திறந்தவெளி அருங்காட்சியகம். ஆரம்பத்திலிருந்தே அதில் நிப்ஸியின் கை இருந்தது.

ரயில் வந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் பழைய ஆட்கள் வெளியேறுவார்கள். இதை அவர் முன்கூட்டியே கணித்தார். வளாகத்தை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக ஆறு மாடி கட்டத் திட்டம். பின்தங்கிய பகுதிகளில் முதலீடு செய்வோருக்கு வரிச்சலுகை தரும் 2017-ன் சட்டத்தைப் பயன்படுத்திப் பணம் திரட்டவும் அவரும் கிராஸும் யோசித்தார்கள். இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்தச் சட்டம் ஏழைகளைவிடப் பணக்காரர்களுக்கே அதிகம் உதவியது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. இடித்துக் கட்டுவது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த மூன்று மாதத் தவணைதான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரரே முதலாளி ஆனாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான். ஆனால் கட்டிடக்காரர் தினமும் அதே வாசலில் நின்று அதே சலூனில் முடி வெட்டிக்கொள்கிறவராக இருந்தால், கவரை மகனிடம் கொடுத்து அனுப்பமாட்டார் என்று நான் நம்புகிறேன். அந்த ஆறு மாடி எழுந்திருந்தால் அதில் யார் குடியிருந்திருப்பார்கள் என்று பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மார்ச் 31, 2019, ஞாயிற்றுக்கிழமை. இருபது வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த தெரிந்தவர் ஒருவருக்கு நல்ல துணி கொடுக்க வேண்டியிருந்தது. பாதுகாவலர் யாரும் இல்லாமல் கடைக்கு வந்தார்.  வண்டி நிறுத்துமிடத்தில் நின்று சிறுவர்களோடு படம் எடுத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். அதே ஏரியாவைச் சேர்ந்த, அவருக்குத் தெரிந்த ஒருவன் வந்து பேசிவிட்டுப் போய், திரும்பி வந்து சுட்டான். மறுநாள் நகரக் காவல்துறைத் தலைவரோடு, கோஷ்டிச் சண்டைகளைக் குறைப்பது எப்படி என்று பேச அவருக்கு நேரம் குறித்திருந்தது.

துணி வாங்க வந்த அந்தப் பெரியவருக்கும் குண்டு பட்டது. அவர் பிழைத்தார். ஆனால் சில நாட்களிலேயே, கோஷ்டியோடு தொடர்புள்ள ஆளோடு சேர்ந்து இருந்தார் என்று, பரோல் விதியை மீறியதாக அவரைக் கைது செய்தார்கள். அந்த ‘ஆள்’ நிப்ஸி. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விட்டார்கள். அதே நாட்களில்தான் நகர மன்றம் கிரென்ஷா–ஸ்லாசன் சந்திப்புக்கு எர்மியாஸ் நிப்ஸி ஹஸ்ஸில் அஸ்கெடோம் சதுக்கம் என்று பெயர் வைக்கத் தீர்மானம் போட்டது. ஒரே நகரம், ஒரே மாதம், ஒரே மனிதர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஏப்ரல் 11 அன்று ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற பெரிய விளையாட்டு அரங்கில் அஞ்சலி. ஒபாமா எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. பிறகு உடல் 25.5 மைல் தூரம் தெருத்தெருவாகப் போனது, கடையின் வாசல் வழியாகவும் போனது. அதற்கு முந்தைய வாரம், ஒருவர் தெருவில் மற்றவர் காலெடுத்து வைக்காத எதிரெதிர் கோஷ்டிகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து அந்த முனைக்கு ஊர்வலமாக நடந்தார்கள். 2020-ல் இரண்டு கிராமி விருதுகள் வந்தன, வாங்க அவர் இல்லை. சுட்டவனுக்கு 2023-ல் தண்டனை, குறைந்தது 60 வருடம். கூட்டம் அடங்காததால் வளாகத்தைச் சுற்றி வேலி போட வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த முனையிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரே மெஷினை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் மட்டும் தைத்துக் கொடுக்கிறார். காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். பாட்டு, கிராமி, ஒபாமா எதற்கும் தலை நிமிரவில்லை. வளாகத்தை வாங்கினார் என்றதும் ஊசி நின்றது.

“பத்திரம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா. கூட்டாளிகளோட சேர்ந்து வாங்குனாரு.”

“எவ்வளவு நாள் வச்சிருந்தான்?”

“மூணு மாசம்கூட இல்ல.”

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை உதறி மடியில் விரித்து, அடுத்த பட்டனுக்கு இடம் குறித்தார்.

“அண்ணன்காரன் இருக்கான்ல?”

“இருக்காருப்பா. அவர்தான் எல்லாம் பாத்துக்கிறாரு.”

“ம்” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.